ஸ்கூல் லைப்ரரியன் ஒத்த ஆள்தான், ஆனா தனி ஆள் இல்ல: சோஷியல் மீடியால நம்ம தொழில் ஆளுங்களைப் பிடிக்கிறது எப்படி

ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் நாலு பேர் இருப்பாங்க, தமிழ் டீச்சர் மூணு பேர் இருப்பாங்க, ஒருத்தருக்கு சந்தேகம் வந்தா பக்கத்து டேபிள்ல கேட்டுக்கலாம். லைப்ரரியன் மட்டும் ஒத்த ஆள். வர்ற ஒவ்வொரு புக்குக்கும் தனி நம்பர் போட்டு பதியற அக்செஷன் ரிஜிஸ்டர்ல யாரோ ஒரே நம்பரை ரெண்டு புக்குக்கு போட்டு வச்சிருந்தா அதை எப்படி சரி பண்றதுனு கேக்கறதுக்கு அந்த பில்டிங்லயே ஆள் கிடையாது. பிரின்சிபால்கிட்ட கேட்டா "நீங்கதானம்மா லைப்ரரியன், நீங்களே பார்த்து செய்ங்க"னு சொல்லுவாங்க, அவங்க மேலயும் தப்பு இல்ல, அவங்களுக்கு அது தெரியாது.

நான் திருச்சி பக்கம் ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல சேர்ந்தப்ப எனக்கு முன்னாடி இருந்தவங்க ஏற்கனவே போயிட்டாங்க, ஒரு சாவிக்கொத்து, மூணு ரிஜிஸ்டர், அவ்ளோதான் கைல வந்துச்சு. முதல் ஸ்டாக் வெரிஃபிகேஷனை, அதாவது ரிஜிஸ்டர்ல இருக்கற புக்கெல்லாம் ஷெல்ஃப்ல இருக்கானு சரி பார்க்கறதை, நான் தனியா, பயந்து பயந்து செஞ்சேன், காணாம போன புக்குக்கு எல்லாம் நம்ம சம்பளத்துல பிடிச்சிருவாங்களோனு ராத்திரி தூக்கம் இல்ல. வருஷத்துக்கு கொஞ்சம் புக்கு காணாம போறது எல்லா லைப்ரரிலயும் நடக்கறதுதான், அதுக்கு மேனேஜ்மென்ட்ல முறையா எழுதி ரைட் ஆஃப், அதாவது கணக்குல இருந்து நீக்க அனுமதி, வாங்கிக்கலாம்னு எனக்கு சொன்னது ஃபேஸ்புக் குரூப்ல இருந்த முகம் தெரியாத ஒரு மேடம், வேற மாநிலம், இன்னைக்கு வரைக்கும் நேர்ல பார்த்ததில்ல. இதை எழுதறதே அந்த மாதிரி ஒரு ஆள் ஒவ்வொரு ஸ்கூல் லைப்ரரியனுக்கும் கிடைக்கணும்ங்கறதுக்காகத்தான்.

மொதல்ல எங்க போறதுனு பார்ப்போம். எல்லா ஆப்லயும் அக்கவுண்ட் ஓபன் பண்ணிட்டு எதுலயும் உருப்படியா இருக்க முடியாம போறதுதான் பல பேருக்கு நடக்குது. ரெண்டு போதும். ஒண்ணு வாட்ஸ்அப், அது நம்ம ஊர்ல தவிர்க்க முடியாது, அவசரத்துக்கு பதில் வர்ற இடம் அதுதான். இன்னொண்ணு ஃபேஸ்புக் குரூப் இல்லைனா லிங்க்ட்இன், உங்க தேவையைப் பொறுத்து.

வாட்ஸ்அப்ல ஒரு குறை இருக்கு. குரூப்ல 1024 பேர் வரைக்கும் சேர்க்கலாம், காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சா குட் மார்னிங் படம், பிறந்தநாள் வாழ்த்து, ஃபார்வர்டு, இதுக்கு நடுவுல யாரோ டியூவி நம்பர் (புக்கை பாட வாரியா பிரிக்கற நம்பர்) பத்தி அருமையா ஒரு பதில் போட்டிருப்பாங்க, அது மேல போயிட்டா போனதுதான். புதுசா சேர்றவங்களுக்கு பழைய பேச்சு பெருசா தெரியவும் தெரியாது. அதனால நல்ல பதில் வந்தா உடனே ஸ்டார் போட்டு வச்சுக்கங்க, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார் போட்டதை எல்லாம் ஒரு கூகுள் டாக்ல காப்பி பண்ணி தலைப்பு போட்டு வைங்க. கேட்டலாக் பண்றதுதானே நம்ம தொழில், நமக்கு வர்ற பதிலையும் கேட்டலாக் பண்ணி வச்சுக்கலாம்.

ஃபேஸ்புக் பழசாகிருச்சுனு சொல்றாங்க, ஆனா லைப்ரரி ஆளுங்க குரூப்புக்கு அது இன்னும் நல்ல இடம்தான், ஏன்னா தேடலாம். ஒரு கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி குரூப்புக்குள்ள சர்ச்ல "ஸ்பைன் லேபிள்", "ரைட் ஆஃப்", "லைப்ரரி பீரியட் ஆக்டிவிட்டி"னு போட்டுப் பாருங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடி யாரோ கேட்டு பத்து பேர் பதில் சொல்லியிருப்பாங்க. லிங்க்ட்இன் எப்ப வேணும்னா, வேற ஸ்கூலுக்கு மாறணும், இன்டர்நேஷனல் ஸ்கூல்ல முயற்சி பண்ணணும், ஒர்க் ஷாப்ல பேச கூப்பிடணும்னு ஆசை இருந்தா வேணும். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட் பாடத்திட்டம்) ஸ்கூல்ல லைப்ரரியன் வேலைக்கு விளம்பரம் நிறைய அங்கதான் வருது.

இன்ஸ்டாகிராம்ல பேசறதை விட பார்க்கறதுதான் லாபம். சென்னைல இருக்கற தூலிகா, தாரா புக்ஸ் ரெண்டையும் ஃபாலோ பண்ணினா புது படக்கதை வர்றது தெரியும், கோவால புக்வொர்ம்னு குழந்தைங்க லைப்ரரிக்காகவே வேலை செய்யற ஒரு அமைப்பு இருக்கு, ரீட் அலவுட் பண்றது, டிஸ்ப்ளே வைக்கறதுக்கெல்லாம் அவங்ககிட்ட இருந்து நான் நிறைய எடுத்திருக்கேன். வெளிநாட்டு ஆளுங்க வேணும்னா எக்ஸ்ல டிஎல்சாட்னு ஒரு ஹேஷ்டேக் ரொம்ப வருஷமா ஓடிச்சு, டிஎல்னா டீச்சர் லைப்ரரியன். ட்விட்டர் 2023ல எக்ஸ் ஆனதுக்கு அப்புறம் அங்க இருந்து கொஞ்சம் பேர் ப்ளூஸ்கை பக்கம் போயிட்டாங்க. அமெரிக்கா ஸ்கூல் லைப்ரரி நிலைமை வேற, நம்ம நிலைமை வேற, ஆனாலும் ஒரு புக்கு டிஸ்ப்ளேவுக்கு ஐடியா வேணும்னா அங்க கொட்டிக் கிடக்கு.

அடுத்து ப்ரொஃபைல். "லைப்ரரியன், எம்.லிப்"னு மட்டும் போடாதீங்க (எம்.லிப்னா நூலக அறிவியல்ல முதுகலைப் பட்டம்). எம்.லிப் முடிச்சவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, உங்ககிட்ட என்ன கேக்கலாம்னு ஒருத்தர் பார்த்ததும் புரியணும். லிங்க்ட்இன்ல பேருக்கு கீழ வர்ற வரில 220 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு. என்னோடது இப்படி இருக்கு: "ஸ்கூல் லைப்ரரியன், 1 முதல் 12 வரை. கோஹா, தமிழ் சிறுவர் நூல்கள் வகைப்படுத்தல், ஆறாம் ஏழாம் வகுப்பு வாசிப்பு வேலைகள்." கோஹாங்கறது லைப்ரரி வேலைக்கான ஒரு சாஃப்ட்வேர். இப்படி போட்டதுக்கு அப்புறம்தான் "மேடம், தமிழ் கதை புக்கை எல்லாம் 894.811ல போட்டா ஒரே ஷெல்ஃப்ல குமியுதே, எப்படி பிரிக்கறீங்க"னு கேட்டு ஆளுங்க வந்தாங்க (894.811ங்கறது தமிழ் இலக்கியத்துக்கான டியூவி நம்பர்). ஸ்கூல் பேரை போடறதுக்கு முன்னாடி பிரின்சிபால்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க, சில மேனேஜ்மென்ட்டுக்கு அது பிடிக்காது, மெயில்ல கேட்டு மெயில்லயே பதில் வாங்கிக்கறது நல்லது. போட்டோ ஒண்ணு தெளிவா போடுங்க. பூ, சாமி படம், குழந்தை படம் இருந்தா தெரியாத ஆள் உங்களை நம்பி பேச யோசிப்பாங்க.

சேர்ந்த உடனே பேச ஆரம்பிக்காதீங்க. ஒரு பத்து பதினஞ்சு நாள் சும்மா படிங்க. யார் பதில் சொல்றாங்க, யார் பதில்ல விஷயம் இருக்கு, யார் சும்மா எல்லாத்துக்கும் கட்டை விரல் காட்டறாங்கனு தெரிஞ்சிரும். விஷயம் இருக்கற அந்த அஞ்சாறு பேரோட நம்பரை பேரு, ஊரு, எதுல கெட்டினு சேர்த்து சேவ் பண்ணிக்கங்க. எங்கிட்ட "கோஹா சார் மதுரை", "பைண்டிங் அக்கா சேலம்", "டியூவி மேடம் கொச்சி"னுதான் சேவ் ஆகியிருக்கு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், கேள்வி கேக்கறது. குரூப்ல பதில் வரலைனு வருத்தப்படற பல பேரோட கேள்வியைப் பார்த்தா "கோஹா தெரிஞ்சவங்க இருக்கீங்களா?"னு இருக்கும். இதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, ஏன்னா சொன்னா அப்புறம் எவ்ளோ நேரம் போகும்னு தெரியாது. அதே ஆள் இப்படி கேட்டா பாருங்க: "கோஹால பார்கோடு லேபிள் பிரிண்ட் பண்றேன், ஏ4 ஷீட், 24 லேபிள். முதல் ரெண்டு வரிசை சரியா விழுது, மூணாவதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிப் போகுது. டெம்ப்ளேட் அளவு ரெண்டு தடவை சரி பார்த்துட்டேன். படம் கீழ இருக்கு." இது உண்மையா எங்க குரூப்ல வந்த கேள்வி, அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துருச்சு: பிடிஎஃப் பிரிண்ட் பண்றப்ப "ஃபிட் டு பேஜ்" எடுத்துட்டு "ஆக்சுவல் சைஸ்" போடுங்க, பக்கத்துக்கு அடக்கறேன்னு பிரிண்டர் மொத்தத்தையும் கொஞ்சம் சுருக்கிடுது. அந்த தம்பி ஒரு வாரமா டெம்ப்ளேட்டை மாத்தி மாத்தி லேபிள் ஷீட்டை வீணாக்கிட்டு இருந்திருக்கார்.

என்ன பண்ணப் பார்க்கறீங்க, என்ன ஆகுது, ஏற்கனவே என்ன செஞ்சு பார்த்தீங்க, கைல என்ன இருக்கு, எப்பக்குள்ள வேணும். இவ்ளோவும் ஒரே மெசேஜ்ல இருக்கணும், கூடவே போட்டோ.

இதுல எனக்கு நடந்ததை சொல்லியே ஆகணும். ஒரு நவம்பர் மாசம், சனி ஞாயிறு ரெண்டு நாளும் மழை, திங்கக்கிழமை காலைல கதவைத் தொறந்தா ரெஃபரன்ஸ் ஷெல்ஃபுக்கு மேல சீலிங் ஒழுகி அறுபது புக்குக்கு மேல நனைஞ்சு கிடக்கு. என்சைக்ளோபீடியா, அட்லஸ், எல்லாம் விலை கூடின புக்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆயாம்மா "வெயில் வந்தா மாடில காயப் போட்டுரலாம்மா"னு சொன்னாங்க, நானும் அதைத்தான் செய்யப் போனேன். போறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், 60 புக்கு, பாதி வழுவழு பேப்பர், பாதி சாதா பேப்பர், ரெண்டு ஃபேன் இருக்கு, கேன்டீன்ல ஃப்ரீசர் இருக்கு, இப்ப எட்டரை மணினு எழுதி.

ஒரு காலேஜ் லைப்ரரி சார் உடனே போன்லயே வந்துட்டார். வெயில்ல வைக்காதீங்க, அட்டை வளைஞ்சுரும். வழுவழு பேப்பர் புக்கை மொதல்ல கவனிங்க, அது நனைஞ்ச நிலைலயே காய்ஞ்சா பக்கம் பக்கமா ஒட்டிக்கும், அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. பிரிச்சுப் பார்க்காம ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாலிதீன் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, பூஞ்சை பிடிக்கறது நின்னுரும், அப்புறம் நிதானமா ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கலாம். சாதா பேப்பர் புக்கை நிமித்தி விசிறி மாதிரி விரிச்சு ஃபேனுக்கு கீழ நிறுத்துங்க, பக்கத்துக்கு நடுவுல அச்சடிக்காத வெள்ளை பேப்பர் சொருகுங்க, ஈரமானதும் மாத்துங்க, நியூஸ் பேப்பர் வைக்காதீங்க மை ஒட்டிக்கும். ரெண்டு நாள் தாண்டினா பூஞ்சை ஆரம்பிச்சுரும், அதனால இன்னைக்கே வழுவழு பேப்பர் புக்கு, சாதா பேப்பர் புக்குனு தனித்தனியா ஒதுக்கி வேலைய ஆரம்பிங்க.

கேன்டீன் அண்ணன் ஐஸ்கிரீமை ஒதுக்கி இடம் விட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்பு பிள்ளைங்க லைப்ரரி பீரியட்ல வந்து வெள்ளை பேப்பர் மாத்துனாங்க. நாலு புக்கு மட்டும்தான் போச்சு. மாடில போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் பதறுது.

அதுக்கப்புறம் நான் செஞ்ச ஒரு வேலை இருக்கு, அதை எல்லாருமே செய்யணும்னு கெஞ்சிக் கேக்கறேன். வேலை முடிஞ்சதும் யார் என்ன சொன்னாங்க, எதை செஞ்சேன், எது வேலை செஞ்சுது, எந்த புக்கு ஏன் போச்சுனு ஒரே மெசேஜா எழுதி, முன்ன பின்ன போட்டோவோட குரூப்ல போட்டேன். பதில் சொன்னவங்களுக்கு பேர் சொல்லி நன்றி சொன்னேன். நாலு வருஷம் கழிச்சு, சென்னை மழை சமயத்துல, வேற ஏதோ குரூப்ல யாரோ ஒருத்தர் அந்த மெசேஜையே என் பேர் இல்லாம எனக்கே அனுப்பினாங்க. சந்தோஷமா இருந்துச்சு, எத்தனை அட்லஸ் பிழைச்சிருக்கும்! கேள்வி கேட்டு பதில் வாங்கிட்டு காணாம போறவங்களுக்கு அடுத்த தடவை யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, முடிவு என்ன ஆச்சுனு திரும்பி வந்து சொல்றவங்களை எல்லாரும் ஞாபகம் வச்சுக்குவாங்க.

சரி, கேக்கறது மட்டும் போதாது, நீங்களும் எதாவது கொடுக்கணும். "எங்கிட்ட என்ன இருக்கு கொடுக்கறதுக்கு"னு நினைக்காதீங்க. சின்ன ஸ்கூல்ல 2000 புக்கு வச்சு நடத்தறவங்க செய்யற விஷயம்தான் இன்னொரு சின்ன ஸ்கூலுக்கு உதவும். வாரத்துக்கு ஒண்ணு போடுங்க. ஓவர்டியூ புக்கை திட்டாம எப்படி திரும்ப வாங்கினீங்க, மூணாம் வகுப்புக்கு எந்த கதையைப் படிச்சுக் காட்டினப்ப அமைதியா கேட்டாங்க, எந்தக் கதைல நடுவுலயே எழுந்து ஓட ஆரம்பிச்சாங்க (இது முக்கியம், தோத்துப் போனதையும் எழுதுங்க, அதுலதான் மத்தவங்களுக்கு நிறைய பிரயோஜனம்), செல்லோடேப் போட்டு ஒட்டின பழைய புக்கு என்ன ஆச்சு, வெள்ளிமீன் பூச்சிக்கு என்ன செஞ்சீங்க. விழா போட்டோ மட்டுமே போடறவங்க நிறைய பேர் இருக்காங்க, ரிப்பன் வெட்டறது, பொன்னாடை போர்த்தறது. அதுக்கு லைக் வரும், ஆனா அதைப் பார்த்து யாரும் உங்ககிட்ட எதையும் கேட்டு வர மாட்டாங்க.

அரசு பள்ளிக்கூடத்துல நிலைமை வேற, பெரும்பாலும் தனி லைப்ரரியன் கிடையாது, ஒரு டீச்சர்கிட்டதான் பொறுப்பைக் கொடுத்திருப்பாங்க. அவங்களை நம்ம குரூப்ல "நீங்க லைப்ரரியன் இல்லையே"னு தள்ளி வைக்கறதைப் பார்த்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும். தமிழ்நாடு அரசோட வாசிப்பு இயக்கத்துல வந்த நுழை, நட, ஓடு, பறங்கற நாலு படிநிலை புக்கை எல்லாம் பிள்ளைங்க கைல கொண்டு சேர்த்தது அவங்கதான், எந்தப் படிநிலைல எந்தப் பிள்ளை நிக்குதுனு அவங்களுக்கு தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாது. அவங்களையும் சேருங்க, அவங்ககிட்ட கேளுங்க.

தெரியாத ஒருத்தருக்கு தனியா மெசேஜ் அனுப்பறதுக்கு நிறைய பேர் கூச்சப்படறாங்க. "ஹாய் மேடம்"னு மட்டும் அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்காதீங்க. அவங்க எழுதினதுல எதைப் படிச்சீங்க, நீங்க யாரு, ஒரே ஒரு கேள்வி. இப்படி: "வணக்கம் மேடம், நான் கரூர்ல ஒரு ஸ்கூல்ல லைப்ரரியனா இருக்கேன். நீங்க போன வாரம் போட்ட படக்கதை டிஸ்ப்ளே பார்த்தேன், புக்கோட முகப்பு தெரியற மாதிரி வைக்கற ஸ்டாண்டு எதுல செஞ்சீங்கனு மட்டும் சொல்ல முடியுமா? அவசரம் இல்ல, முடியறப்ப சொல்லுங்க." இதுக்கு பதில் சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கல. லிங்க்ட்இன்ல கனெக்ட் பண்றப்பவும் ரெண்டு வரி சேர்த்து அனுப்புங்க, ஃப்ரீ அக்கவுண்ட்ல அப்படி எழுதி அனுப்பறதுக்கு மாசத்துக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க, அதனால யாருக்குனு பார்த்து அனுப்புங்க. எழுத்தாளரை ஸ்கூலுக்கு கூப்பிடறதா இருந்தா தேதி, எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைங்க, போக்குவரத்து செலவு, சன்மானம் எவ்ளோ, எல்லாத்தையும் முதல் மெசேஜ்லயே சொல்லிருங்க. பணம் பத்தி பேசாம கூப்பிடறது அவங்க வேலையை மதிக்காத மாதிரி. பிள்ளைங்க அவங்க புக்கைப் படிச்சிருக்கறாங்களானு பார்த்துட்டு கூப்பிடுங்க.

இப்ப போட்டோ விஷயம். இதை நான் பட்டு கத்துக்கிட்டேன். ஒரு வாசிப்பு தினத்துல பிள்ளைங்க தரைல உக்காந்து படிக்கற போட்டோ போட்டேன், முகம் யாருக்கும் சரியா தெரியல, அதனால பரவால்லனு நினைச்சேன். ஒரு பொண்ணு கழுத்துல தொங்குன ஐடி கார்டு நல்லா விழுந்திருக்கு, பெரிசாக்கினா பேரு, வகுப்பு, அப்பா போன் நம்பர் எல்லாம் படிக்க முடியுது. ரெண்டு நாள் கழிச்சு யாரோ ஒரு ஆள் அந்த அப்பாவுக்கு போன் பண்ணி பொண்ணு பேரைச் சொல்லி பேசியிருக்கான். அவர் ஸ்கூலுக்கு வந்து என் முன்னாடி நின்னப்ப அவர் கை நடுங்கிட்டு இருந்துச்சு. நான் போட்டோவை எடுத்துட்டேன், மன்னிப்பு கேட்டேன், ஆனா அது போதாதுனு எனக்கே தெரியும்.

அதுக்கப்புறம் பிள்ளைங்க போட்டோவையே நான் போடறதில்ல. கை, புக்கு, ஷெல்ஃப், பிள்ளைங்க வரைஞ்ச படம், இது போதும். போட்டே ஆகணும்னா ஐடி கார்டைக் கழட்டச் சொல்லுங்க, பின்னாடி இஷ்யூ ரிஜிஸ்டர் தொறந்து இருக்கா, போர்டுல பேர் எழுதியிருக்கா, பெரிசாக்கிப் பாருங்க, பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாருமே குழந்தைங்கதான், அவங்க தகவலைக் கையாளறதுக்கு பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு. பிளஸ் டூ பையன் "போடுங்க மிஸ்"னு சொன்னா அது சம்மதம் ஆகாது. எந்தப் பிள்ளை என்ன புக்கு எடுக்குதுங்கறதும் வெளில சொல்ற விஷயம் இல்ல, அது அந்தப் பிள்ளைக்கும் நமக்கும் நடுவுல இருக்கறது. மாணவர்கள் ஃப்ரெண்ட் ரெக்வெஸ்ட் அனுப்பினா ஏத்துக்காதீங்க, நேர்ல பார்க்கறப்ப ஏன்னு அன்பா சொல்லிருங்க.

அடுத்து பிடிஎஃப். நம்ம குரூப்லயே, டெலகிராம்ல இன்னும் அதிகமா, போன மாசம் வந்த நாவல் ஸ்கேன் பண்ணி சுத்துது, லைப்ரரியன்களே "நன்றி சார்"னு வாங்கிக்கறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். தமிழ்ல பல புக்கு சில நூறு காப்பிதான் போகுது, அதுலயும் நாமளே கை வச்சா சிறுவர் புக்கு யார் போடுவா? எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் பதிப்புரிமை இருக்குங்கறது நம்ம நாட்டு சட்டம். இலவசமா, முறையா கொடுக்கறதுக்கே எவ்ளோவோ இருக்கு: பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்ல தமிழ் படக்கதைங்க தாராளமா கிடைக்குது, பேர் சொல்லிப் பகிரலாம், பிரிண்ட் எடுக்கலாம். 1998ல இருந்து ஓடற மதுரைத் திட்டத்துல பழைய இலக்கியம், தமிழ் இணையக் கல்விக்கழகத்துல நாட்டுடைமை ஆன நூல்கள். யாராவது திருட்டு பிடிஎஃப் போட்டா குரூப்ல சண்டை போடாதீங்க, அட்மினுக்கு தனியா சொல்லுங்க, கூடவே இந்த மூணு லிங்கையும் குரூப்ல போடுங்க.

புக்கு சப்ளையர்களும் உங்களைத் தேடி வருவாங்க, லைப்ரரியன்னு ப்ரொஃபைல்ல பார்த்ததுமே. கேட்டலாக் அனுப்பச் சொல்லுங்க, ஸ்கூல் மெயிலுக்கு. தள்ளுபடி, கொட்டேஷன் பேச்சு எதுவும் இன்பாக்ஸ்ல வேண்டாம், நல்ல மனசோட பேசினாலும் நாளைக்கு அதுக்கு வேற அர்த்தம் கொடுப்பாங்க.

நேரம்? லீவ் போட்ட டீச்சருக்கு பதிலா நமக்கு சப்ஸ்டிட்யூஷன் போடறதுலயே பாதி பீரியட் போயிருது, அது தெரியும். நான் சாயங்காலம் பஸ்ல வர்ற அரை மணி நேரம்தான் இதுக்குனு வச்சிருக்கேன், குரூப் எல்லாம் மியூட், கோஹா குரூப் மட்டும் சத்தம் வரும். லைப்ரரிக்குள்ள பிள்ளைங்க முன்னாடி போனை எடுக்கறதே இல்ல, எடுத்தா படிங்கனு சொல்ற வாய்க்கு மரியாதை இருக்காது. ஸ்கூலைப் பத்தி, சக டீச்சரைப் பத்தி ஆதங்கம் எதையும் எந்த குரூப்லயும் எழுதாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் ஒரு மணி நேரத்துல வந்து சேரும். அதைப் பேசறதுக்கு நம்பிக்கையான ஒருத்தர் நம்பர் இருந்தா போன் பண்ணிப் பேசிருங்க.

ஆன்லைன்ல பிடிச்ச ஆளை நேர்ல பார்க்கறதுதான் இதுல பெரிய லாபம். இந்திய நூலக அறிவியலோட தந்தைனு சொல்ற, சீர்காழில பிறந்த ரங்கநாதன் ஐயா 1924ல சென்னைப் பல்கலைக்கழக லைப்ரரியன் ஆனப்ப அவருக்கும் இந்தத் தொழில் தெரியாது, கணக்கு வாத்தியாரா இருந்தவர். லண்டனுக்குப் படிக்கப் போனவர் அங்க இருந்த லைப்ரரி ஒவ்வொண்ணா நேர்ல போயி, அங்க வேலை செய்யறவங்களைப் பார்த்துப் பேசித்தான் கத்துக்கிட்டார், திரும்பி வந்து 1928ல சென்னை நூலகச் சங்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்ன நின்னார், அப்புறம்தான் 1931ல நூலக அறிவியலோட ஐந்து விதிகள் பத்தின புத்தகம். அவர் பிறந்தநாள் ஆகஸ்ட் 12, நம்ம நாள். அன்னைக்கு வாழ்த்துப் படம் அனுப்பறதுக்கு பதிலா பக்கத்து ஊர் லைப்ரரியன் ரெண்டு பேருக்கு "உங்க லைப்ரரியைப் பார்க்க ஒரு நாள் வரலாமா"னு மெசேஜ் அனுப்புங்க. ஜனவரில சென்னை புத்தகக் காட்சிக்கு வர்றப்ப, இல்ல உங்க மாவட்ட புத்தகத் திருவிழால, குரூப்ல நேரமும் அரங்கு நம்பரும் போட்டு ஒரு டீ குடிக்கற அளவுக்காவது சந்திங்க.

வெளிநாட்டு ஸ்கூலோட தொடர்பு வேணும்னா அக்டோபர் நல்ல மாசம், ஸ்கூல் லைப்ரரிக்கான சர்வதேச மாதம். உலகளவுல ஸ்கூல் லைப்ரரியன்களுக்குனு இருக்கற சங்கம், சுருக்கமா ஐஏஎஸ்எல், புக்மார்க் பரிமாற்றம் நடத்தறாங்க: உங்களை வேற நாட்டு ஸ்கூலோட ஜோடி சேர்த்து விடுவாங்க, உங்க பிள்ளைங்க செஞ்ச புக்மார்க் அங்க போகும், அவங்களோடது இங்க வரும். அக்டோபர் பொறந்ததுக்கு அப்புறம் தேடாதீங்க, முன்னாடியே பதிவு பண்ணணும்.

கடைசியா, உங்க ஊர்ல குரூப்பே இல்லைனா நீங்களே ஆரம்பிங்க. நாங்க அஞ்சு ஸ்கூல் சேர்ந்து ஆரம்பிச்சோம். ஒரு கூகுள் ஷீட், அதுல ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டாவது காப்பி இருக்கற புக்கு, பிள்ளைங்க கேட்டு நம்மகிட்ட இல்லாத புக்கு. எங்க ஸ்கூல்ல ஏழாம் வகுப்பு பொண்ணு ஒருத்தி ஒரு தொடரோட மூணாவது புக்கை கேட்டு தினமும் வந்து நின்னா, அது எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஸ்கூல் ஷெல்ஃப்ல சும்மா இருந்துச்சு, ஸ்கூல் வேன் டிரைவர் அண்ணன்கிட்ட கொடுத்தனுப்பிட்டாங்க, கவர் மேல எங்க லைப்ரரி பேரும் திருப்பிக் கொடுக்கற தேதியும் எழுதி. குரூப் ஆரம்பிக்கறப்ப டிஸ்கிரிப்ஷன்ல மூணு வரி போட்டுருங்க: வாழ்த்துப் படம் வேண்டாம், திருட்டு பிடிஎஃப் வேண்டாம், பிள்ளைங்க போட்டோ வேண்டாம். முதல் நாளே இன்னொருத்தரையும் அட்மினாக்குங்க. ஷீட்டை ஸ்கூல் மெயில்ல இல்லாம உங்க சொந்த மெயில்ல ஓபன் பண்ணுங்க, ஏன்னா ஸ்கூல் மாறின அன்னைக்கே அந்த மெயிலை மூடிருவாங்க, அஞ்சு ஸ்கூலோட லிஸ்ட்டும் அதோட போயிரும்.